ஈட்டற்செலவும் வரிமுன் ஒதுக்கமும்

ஓர் அறிவுத்துறையை அறிவியல் என்று அழைப்பதற்கு உரிய அடையாளங்கள் மூன்று. பொருள்களை ஐயமின்றி வரையறுத்தல் ஒன்று. வரையறுத்தவற்றை இனம்பிரித்து வகைப்படுத்தல் மற்றொன்று. பலவாகத் தோன்றும் செய்திகளைச் சில நெறிகளுக்குள் அடக்கிக் காட்டல் மூன்றாவது. விண்மீன்களின் இயக்கத்துக்கும் உயிரணுக்களின் பிரிவுக்கும் பொருந்தும் இவ்வடையாளங்கள், மாந்தர் தமக்குள் வகுத்துக்கொண்ட வரிமுறைக்கும் பொருந்தும். அதற்குத் தக்க சான்றாக, அமெரிக்க ஒன்றிய நாடுகளின் வரிச்சட்டத்தில் இடம்பெற்றுள்ள சார்ந்தோர் பேணுகைக் கணக்கு என்னும் சிறிய அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு அகவைப் பிள்ளைக்குப் பொருந்தும், பதின்மூன்று நிறைந்தால் பொருந்தாது. பகல் முகாம் ஏற்கப்படும், இரவு தங்கும் முகாம் ஏற்கப்படாது. செலவிடாமல் எஞ்சிய பணம் திரும்பி வாராது. மேலோட்டமாகக் காண்போர்க்கு இவையெல்லாம் தொடர்பற்ற கட்டளைகளின் குவியலாகவே தோன்றும். ஆயினும் இக்குவியல் முழுவதும் மூன்றே நெறிகளிலிருந்து கிளைத்தது. அந்நெறிகளை முறைப்பட விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எத்துறை அறிவையும் தன் சொல்வளத்தாலேயே தாங்கவல்ல தமிழுக்கு வரியியலும் அயலன்று.

வரையறைகளும் வகைகளும்

தாமே தம்மைப் பேணிக்கொள்ள இயலாமல், ஈட்டுவோர் ஒருவரை அண்டி வாழ்வோர் சார்ந்தோர் எனப்படுவர். இச்சட்டம் அவர்களை இரு வகையினராகக் காண்கிறது. பதின்மூன்று அகவை நிறையாத பிள்ளைகள் முதல் வகையினர். உடலாலோ உள்ளத்தாலோ தம்மைப் பேணிக்கொள்ளும் ஆற்றல் அற்றவராய், பணியாளரோடு ஓராண்டில் பாதிக்கு மேற்பட்ட காலம் ஒரே இல்லத்தில் வாழும் வாழ்க்கைத்துணையும், அவ்வாறே வாழும் பெற்றோர் முதலிய பிற சார்ந்தோரும் இரண்டாம் வகையினர். அவர்களின் நலத்தையும் காப்பையும் முதன்மையாகக் கொண்டு பிறர் ஆற்றும் பணி பேணுகை ஆகும்.

பணியாளர் தம் ஊதியத்தில் ஒரு பகுதியை, வரி கணிக்கப்படுவதற்கு முன்னரே ஒரு குறித்த செலவுக்கெனப் பிரித்து வைப்பது வரிமுன் ஒதுக்கம். ஆற்றுநீர் அணையைச் சேருமுன்பே ஒரு வாய்க்காலில் பிரிந்து செல்வது போல, இத்தொகை வருவாய் என்னும் பெருந்தொகையில் கலப்பதற்கு முன்பே விலகி நிற்கிறது. பணிதருநர் வகுக்கும் திட்டத்தின்கீழ், பேணுகைச் செலவுக்காகவே இவ்வாறு ஒதுக்கப்படும் தொகையைத் தாங்கி நிற்பது சார்ந்தோர் பேணுகைக் கணக்கு.

வரிச்சுமையைக் குறைக்கும் வழிகளும் மூவகைப்படும். தொகை வருவாயில் சேராமலே நின்றுவிடுவது வரிநீக்கம். வருவாயில் சேர்ந்த பின் அதிலிருந்து கழிக்கப்படுவது வருவாய்க்கழிவு. வரியைக் கணித்து முடித்த பின், அவ்வரியிலேயே ஒரு பகுதியைக் குறைப்பது வரித்தள்ளுபடி. இம்மூன்றனுள் பேணுகைக் கணக்கு முதல் வகையைச் சேர்ந்தது. அதனால் அதற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கழிவும் தள்ளுபடியும் வருமான வரியை மட்டுமே குறைப்பன. பேணுகைக் கணக்கோ, ஊதியத்திலிருந்து பிடிக்கப்படும் குமுகக் காப்பு வரியாகிய 6.2 விழுக்காட்டையும், மூத்தோர் மருத்துவக் காப்பு வரியாகிய 1.45 விழுக்காட்டையும் சேர்த்தே விலக்குகிறது. பணிதருநரும் இதே அளவு வரியைத் தம் பங்குக்குச் செலுத்துபவர் ஆதலால், இவ்விலக்கு அவர்க்கும் உரியதாகிறது. வரிக்குட்பட்ட ஊதியம் குறைவதால், பிற்காலத்தில் பெறும் குமுகக் காப்புத் தொகையும் சிறிதளவு குறையும் என்பதையும் உடன் அறிதல் வேண்டும்.

முதல் நெறி: ஈட்டுதற்குச் செய்யும் செலவு

பொருளீட்டும் பொருட்டுத் தவிர்க்க இயலாது செய்யும் செலவு, ஈட்டியவர் தம் விருப்பப்படி நுகரத்தக்க வருவாய் ஆகாது என்பது முதல் நெறி. ஆலை நடத்துவோர் வாங்கும் கரிக்கும் எண்ணெய்க்கும் இந்நெறி பொருந்தும் என்பதை வரிச்சட்டங்கள் தொடக்கத்திலேயே ஏற்றன. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் இல்லத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்க்குத் தரும் கூலிக்கு அது பொருந்துமா என்ற வினாவுக்கு விடை காண நெடுங்காலம் பிடித்தது.

அமெரிக்க வரி முறையீட்டு வாரியத்தின் முன் இவ்வினா எழுந்து, 1939-ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. இருவரும் பணிபுரிந்த ஓர் இணையர், செவிலியர் இன்றேல் மனைவி வேலைக்குச் செல்ல இயலாது என்றும், ஆதலால் செவிலியர்க்கு அளித்த கூலி ஈட்டற்செலவே என்றும் வழக்காடினர். குழந்தை வளர்ப்பு இல்லறத்தின் இயல்பான கடமை, அதற்கான செலவு தனிவாழ்வுச் செலவே என்று கூறி வாரியம் அதனை மறுத்தது. இல்லத்தின் வாயிலே ஈட்டத்தின் எல்லை என்று கொண்ட அக்காலத்துக் கருத்தை அத்தீர்ப்பு தெளிவாகக் காட்டுகிறது.

அவ்வெல்லை படிப்படியாக நகர்ந்தது. 1954-ஆம் ஆண்டின் வரித்தொகுப்பு, வேலைக்குச் செல்லும் மகளிர்க்கும் மனைவியை இழந்த ஆடவர்க்கும் 600 டாலர் வரை வருவாய்க்கழிவை அளித்தது. 1976-இல் அக்கழிவு வரித்தள்ளுபடியாக மாற்றப்பட்டது. 1978-ஆம் ஆண்டுச் சட்டம், பணியாளர் ரொக்க ஊதியத்துக்கும் வரியற்ற நலன்களுக்கும் இடையே தாமே தெரிவு செய்யும் திட்டங்களுக்கு 125-ஆம் பிரிவின்கீழ் இடமளித்தது. 1981-ஆம் ஆண்டுச் சட்டம், பணிதருநர் வழியாகக் கிடைக்கும் பேணுகை உதவியை 129-ஆம் பிரிவின்கீழ் வருவாயிலிருந்து நீக்கியது. இவ்விரு பிரிவுகளும் இணைந்த இடத்தில் பிறந்ததே இன்றைய பேணுகைக் கணக்கு. 1939-இல் மறுக்கப்பட்ட உண்மை, நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் சட்டத்தின் உள்ளமைப்பிலேயே இடம்பெற்றது.

இந்நெறியைக் கையில் கொண்டு நோக்கினால், தகுதி பற்றிய வரையறைகள் யாவும் தாமே ஒழுங்குற்று நிற்பதைக் காணலாம். பேணுகை வேலைக்காகச் செய்யப்படுவது ஆதலால், பணியாளரும் அவர்தம் வாழ்க்கைத்துணையும் இருவருமே வேலை செய்பவராகவோ வேலை தேடுபவராகவோ இருத்தல் வேண்டும். துணைவர் முழுநேர மாணவராயினும், தம்மைப் பேணிக்கொள்ள இயலாதவராயினும், பேணப்படும் சார்ந்தோர் ஒருவராயின் திங்கள்தோறும் 250 டாலர், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோராயின் 500 டாலர் ஈட்டியவராகவே சட்டம் அவரைக் கருதுகிறது. ஈட்டத்துக்கு மிஞ்சிய ஈட்டற்செலவு இருத்தல் இயலாது ஆதலால், நீக்கப்படும் தொகை இணையருள் குறைவாக ஈட்டுபவரின் ஈட்டத்தைக் கடத்தல் ஆகாது.

காப்பகம், முன்பள்ளி, பள்ளி தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் உள்ள காப்பு, கோடைக்காலப் பகல் முகாம், இல்லத்துக்கே வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்பவர், முதியோர் பகற்காப்பகம் ஆகியவற்றுக்கான செலவு ஏற்கப்படுகிறது. பெற்றோர் வேலை செய்யும் நேரத்தை இவை நிரப்புகின்றன. இரவு தங்கும் முகாம் வேலை நேரத்துக்கும் அப்பால் நீளுவது. ஆதலால் அது விலக்கப்படுகிறது. மழலையர் வகுப்பும் அதற்கு மேற்பட்ட வகுப்புகளும் கல்வியை முதன்மையாகக் கொண்டவை. அவற்றின் கட்டணம் பேணுகைச் செலவன்று. இல்லத்துக்கு வெளியே பேணப்படும் முதியவர், நாள்தோறும் எட்டு மணி நேரமேனும் பணியாளரின் இல்லத்தில் கழிப்பவராக இருத்தல் வேண்டும். இல்லையெனில் அது பகற்காப்பு என்ற நிலையைக் கடந்து, வேறோரிடத்து வாழ்வாகிவிடும். ஆகவே, தமிழ்நாட்டில் வாழும் முதிய பெற்றோர்க்காக அமெரிக்காவில் பணிபுரியும் மகனோ மகளோ செலுத்தும் பேணுகைக் கட்டணம் இக்கணக்கில் அடங்காது.

பேணுபவர் யார் என்பதற்கும் வரையறை உண்டு. வாழ்க்கைத்துணைக்கோ, பேணப்படும் குழந்தையின் பெற்றோர்க்கோ, பணியாளரின் பத்தொன்பது அகவை நிறையாத சொந்தப் பிள்ளைக்கோ, அவரைச் சார்ந்தவராக வரிக்கணக்கில் காட்டத்தக்க எவர்க்கோ அளிக்கும் தொகை ஏற்கப்படாது. ஒரே குடும்பத்துப் பணம் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறுவது செலவாகாது என்பதே இதன் உட்பொருள்.

இரண்டாம் நெறி: கைவிட்ட ஊதியம்

வரியியலில் வேரூன்றிய மெய்ம்மை ஒன்று உண்டு: விரும்பினால் எடுத்துக்கொள்ளத்தக்க நிலையில் உள்ள பணம், எடுக்கப்படாவிடினும் பெறப்பட்ட வருவாயே ஆகும். கைக்கெட்டிய ஊதியத்தைக் கைநீட்டி வாங்காமல் இருந்துவிட்டு, வாங்கவில்லை என்று வாதிடுதல் செல்லாது. எனவே வரிமுன் ஒதுக்கம் மெய்யாகவே வரிமுன் ஒதுக்கமாக நிற்க வேண்டுமாயின், பணியாளர் அப்பணத்தின்மேல் உள்ள கட்டற்ற உரிமையை முன்கூட்டியே கைவிட்டிருத்தல் வேண்டும். இதுவே இரண்டாம் நெறி.

பலர் கடுமையானவை எனக் கருதும் கட்டளைகள் இதனின்றே பிறக்கின்றன. ஆண்டு பிறக்குமுன், பெரும்பாலும் இலையுதிர் காலத்தில், பணியாளர் தம் தெரிவைச் செய்துவிட வேண்டும். தொடங்கிய பின் விரும்பியபடி மாற்ற இயலாது. குழந்தை பிறத்தல், மகவேற்றல், மணம், மணமுறிவு, வேலைமாற்றம், பேணுபவர் மாறுதல், கட்டணம் மாறுதல் ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தாலன்றி மாற்றத்துக்கு இடமில்லை. கட்டணத்தை மாற்றியவர் உறவினராயின் அம்மாற்றமும் ஏற்கப்படாது. குடும்பத்தார் தமக்குள் கூடிப் பேசித் தெரிவைத் திருத்திக்கொள்ளும் வாயில் அதனால் அடைபடுகிறது. ஆண்டிறுதியில் எஞ்சிய தொகை பணியாளர்க்குத் திரும்புவதில்லை. அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லும் வழியும் இக்கணக்குக்கு இல்லை. பணிதருநர் விரும்பினால் இரண்டரைத் திங்கள் நீட்டிப்புக் காலம் தரலாம். சனவரியில் தொடங்கும் திட்டத்துக்கு அது மார்ச்சு 15 வரை நீளும். எஞ்சிய பணம் ரொக்கமாகத் திரும்பக் கிடைக்குமானால் அது தொடக்கத்திலிருந்தே கைக்கெட்டிய ஊதியமாகிவிடும். வரிநீக்கத்தின் அடித்தளமே அழிந்துவிடும். பணியாளரை வருத்தும் இழப்பும் அவர்க்குக் கிடைக்கும் விலக்கும் ஒரே நெறியின் இரு முகங்களாக உள்ளன.

பணம் திரும்பக் கிடைக்கும் முறையையும் அருகிருந்து காண்போம். ஒருவர் ஆண்டுக்கு 7,500 டாலரை ஒதுக்குகிறார். பதினான்கு நாளுக்கு ஒருமுறை ஊதியம் பெறுகிறார் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 26 ஊதிய நாள்கள் ஆதலால், ஒவ்வொரு முறையும் 288.46 டாலர் கணக்கில் சேரும். காப்பகம் ஏழு நாளுக்கு 300 டாலர் கேட்கிறது என்றால், சனவரியின் முதற் பதினான்கு நாளுக்கு 600 டாலருக்கான பற்றுச்சீட்டை அவர் அனுப்புவார். அவர் கைக்கு அப்பொழுது வருவது 288.46 டாலர் மட்டுமே, எஞ்சிய 311.54 டாலர், அடுத்தடுத்த ஊதிய நாள்களில் கணக்கு நிரம்ப நிரம்பக் கிடைக்கும். மருத்துவச் செலவுக்கான நெகிழ்செலவுக் கணக்கில் ஆண்டுத் தொகை முழுவதும் முதல் நாளிலேயே கிடைக்கும். பேணுகைக் கணக்கிலோ, அதுவரை சேர்ந்த அளவுக்கே கிடைக்கும். கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தினாலும், பேணுகை நடந்து முடிந்த நாளிலேதான் செலவு நேர்ந்ததாகச் சட்டம் கொள்கிறது. ஆகவே பிப்ரவரிக்கான கட்டணத்தைச் சனவரியில் செலுத்தியவர், பிப்ரவரி கழியும் வரை காத்திருத்தல் வேண்டும்.

ஆண்டு முடிந்த பின், ஊதியச் சான்றின் 10-ஆம் கட்டத்தில் இத்தொகை பதிவாகும். பணியாளர் 2441 என்னும் எண் கொண்ட படிவத்தில் பேணியவரின் பெயர், முகவரி, வரி அடையாள எண் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். பேணுபவர் பெற்றதும் பணியாளர் கொடுத்ததும் ஒன்றையொன்று சரிபார்க்கும் வண்ணம் அமைந்த ஏற்பாடு இது.

மூன்றாம் நெறி: நடுநிலை

பொதுப்பணத்தால் தாங்கப்படும் நலன், மேல்நிலையில் உள்ளார்க்கு மட்டும் உரியதாதல் ஆகாது என்பது மூன்றாம் நெறி. இதன்பொருட்டுச் சட்டம் இருவகை வேலி அமைத்துள்ளது. முதலாவது வேலி தொகை வரம்பு. 1986-ஆம் ஆண்டு வரிச்சீர்திருத்தச் சட்டம் இதனை ஆண்டுக்கு 5,000 டாலர் என வரையறுத்தது; பெருந்தொற்றுக் காலத்தில் 2021-ஆம் ஆண்டுக்கு மட்டும் 10,500 டாலராக உயர்ந்து மீண்டும் தாழ்ந்தது. 2025 சூலை 4 அன்று ஒப்பமிடப்பட்ட சட்டம், 2026 முதல் அதனை 7,500 டாலராக உயர்த்தியது. தனித்தனியே வரிக்கணக்கு அளிக்கும் இணையர்க்கு வரம்பு 3,750 டாலர். வரம்பு குடும்பத்துக்கு உரியது. பிள்ளைகளின் எண்ணிக்கை கூடினாலும் அது கூடாது.

இரண்டாவது வேலி நடுநிலை ஆய்வு. மிகுஊதியம் பெறாத பணியாளர்க்கு நிரவலாகக் கிடைக்கும் நலன், மிகுஊதியம் பெறுவோர்க்கு நிரவலாகக் கிடைப்பதில் 55 விழுக்காட்டுக்குக் குறைதல் ஆகாது. நிறுவனத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் உடைமை உள்ளோர் பெறும் பங்கு, மொத்த நலனில் 25 விழுக்காட்டைக் கடத்தல் ஆகாது. இவ்வாய்வில் திட்டம் தவறினால், வரிநீக்கத்தை இழப்பவர் மிகுஊதியத்தாரே; ஏனையோர்க்கு அது குறைவின்றி நிற்கும். நிறுவனம் ஆண்டின் நடுவிலேயே மேல்நிலையாரின் ஒதுக்கத்தைக் குறைக்க நேர்வது இதனாலேதான்.

கணக்கும் தள்ளுபடியும்

இக்கணக்குக்கு இணையாக, 21-ஆம் பிரிவு அளிக்கும் வரித்தள்ளுபடி ஒன்றும் உண்டு. சார்ந்தோர் ஒருவர்க்கு 3,000 டாலர் வரையும், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர்க்கு 6,000 டாலர் வரையும் உள்ள செலவில், வருவாய்க்கு ஏற்ப அமையும் ஒரு பங்கை அது வரியிலிருந்து குறைக்கிறது. ஒரே செலவுக்கு இரு நலனும் கிடையா. கணக்கின் வழியாக நீங்கிய ஒவ்வொரு டாலரும் தள்ளுபடிக்குரிய செலவு வரம்பில் ஒரு டாலரைக் குறைக்கும். முன்பு 5,000 டாலரைக் கணக்கில் செலுத்திய இருபிள்ளைக் குடும்பத்துக்கு 1,000 டாலர் செலவேனும் தள்ளுபடிக்கு எஞ்சியது. இன்று 7,500 டாலரை நிறைவாக ஒதுக்குவோர்க்கு எஞ்சுவது சுழியமே. ஆகவே இரண்டனுள் எது பெரிது என்று முன்னரே கணிப்பது இன்றியமையாததாயிற்று.

2026 முதல் தள்ளுபடி விழுக்காடும் மாறியுள்ளது. குறைந்த வருவாயில் 50 விழுக்காட்டில் தொடங்கி, வருவாய் ஏற ஏற இறங்கி, 45,000 டாலர் அளவில் 35-ஐ அடைகிறது. கூட்டாக வரிக்கணக்கு அளிக்கும் இணையர்க்கு 1,50,000 டாலர் வரை அந்நிலையிலேயே நின்று, அதன்மேல் மீண்டும் இறங்கி 20-இல் முடிகிறது. ஆண்டுக்கு 1,20,000 டாலர் ஈட்டி, 12 விழுக்காட்டு வரிப்படியில் நிற்கும் இணையர், 7,500 டாலரைக் கணக்கில் ஒதுக்கினால் மிஞ்சுவது, 12-உம் 7.65-உம் கூடிய 19.65 விழுக்காடு, அதாவது 1,473.75 டாலர். அவர்க்கு ஒரு பிள்ளையாயின் தள்ளுபடி தருவது 3,000 டாலரில் 35 விழுக்காடாகிய 1,050 டாலர், கணக்கே மேல். இரு பிள்ளைகளாயின் தள்ளுபடி 2,100 டாலர். இங்கே தள்ளுபடியே மேல். 1,80,000 டாலர் ஈட்டி 22 விழுக்காட்டுப் படியில் நிற்கும் இருபிள்ளை இணையர்க்கோ, கணக்கால் மிஞ்சுவது 2,223.75 டாலர், தள்ளுபடி 27 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுவதால் கிடைப்பது 1,620 டாலர். பேணுகைச் செலவு ஒன்றே. ஊதியப்படியும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் மாற, விடையும் மாறுகிறது.

தீர்வு

மூன்று நெறிகளும் அவற்றின் கிளைகளும் இவ்வாறு ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதைக் கண்ட பின், இவ்வமைப்பின் குறைகளையும் அதே நெறிகளைக் கொண்டே அளத்தல் முறை. விலைவாசி ஏற்றத்தோடு இணைக்கப்படாத வரம்பு, 2021 ஒன்று நீங்கலாக, 1987 முதல் 2025 வரை 5,000 டாலரிலேயே அசையாது நின்றது. புதிய 7,500 டாலரும் அவ்வாறே இணைப்பின்றி விடப்பட்டுள்ளது. மேலே கண்ட காப்பகத்தின் ஆண்டுக் கட்டணம் 15,600 டாலர். அதில் பாதியைக்கூட இவ்வரம்பு எட்டவில்லை. பணிதருநர் திட்டம் வகுத்தாலன்றிப் பணியாளர்க்கு இந்நலன் இல்லை. வரிப்படி உயர உயர நலனும் உயர்வதால், பேணுகைச் செலவால் மிகவும் நெருக்கப்படும் குறைவூதியத்தார் குறைவாகவே பெறுகின்றனர். ஈட்டற்செலவு வருவாயன்று என்ற முதல் நெறி மெய்யாயின், அது எல்லாப் பணியாளர்க்கும் மெய்யாதல் வேண்டும். வரம்பும் செலவோடு சேர்ந்து வளர்தல் வேண்டும்.

நியூசெர்சியிலும் டெக்சாசிலும் கலிபோர்னியாவிலும் இரு ஊதியத்தால் இல்லறம் நடத்தும் தமிழ்க் குடும்பங்கள் பல. இலையுதிர் காலத்தில் தெரிவுப் படிவம் கைக்கு வரும்பொழுது, சென்ற ஆண்டு இட்ட எண்ணையே மீண்டும் இட்டு அனுப்பிவிடாதீர்கள். பிள்ளையின் பதின்மூன்றாம் பிறந்தநாள் எப்பொழுது, மழலையர் வகுப்பு எத்திங்களில் தொடங்கும், கோடையில் எத்தனை நாள் முகாம் வேண்டும், உங்கள் வரிப்படி எது என்ற நான்கு வினாவுக்கும் விடை எழுதி, கணக்கையும் தள்ளுபடியையும் அருகருகே வைத்துக் கணியுங்கள். உறுதியாகச் செலவாகும் தொகையை மட்டுமே ஒதுக்குங்கள். ஒதுக்கியதை உரிய நாளுக்குள் பற்றுச்சீட்டோடு கேட்டுப் பெறுங்கள்.